ஏழரை மணிக்குத் திறக்கும் வாசல்

படியால் அந்தக் குடும்பம் இறங்கி வருவதைக் கண்டதும் நதானியேல் வரவேற்பு மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார். பேனை விழுந்துவிட்டதாம், தேடுகிறாராம். பேனை சட்டைப் பையிலேயே இருந்தது. ஐம்பத்துநாலு வயது, ஞாயிறு தவறாமல் மெதடிஸ்த ஆலயத்தில் எழும்பி நின்று வேதம் வாசிக்கிற மனிதன், தகப்பன் மிஷன் பள்ளிக்கூடமொன்றில் முப்பது வருடம் வாத்தியார். அப்படிப்பட்ட ஆள் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயந்து, இழுக்கிற லாச்சிகளுக்குக் கீழே கிடந்த வயர்களுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். வெட்கக்கேடு என்றால் இதைவிட வேறென்ன? ஒருவரும் காணவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல், அதுவும் அரை நிமிடத்துக்குத்தான்.

“மாமா, ஏழே கால் ஆயிட்டுது” என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

எழும்பும்போது மேசை விளிம்பில் தலை நல்லாய் இடிபட்டது. வலியைக் காட்டாமல் சிரித்தார். கம்சிகா மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். தோளைச் சுற்றி ஒரு துவாய். துவாய்க்குள்ளே கழுத்து வரைக்கும் ஏறி மணிக்கட்டு வரைக்கும் இறங்கும் கறுப்பு நீச்சல் உடுப்பு. தாய் தன் கையாலேயே தைத்தது என்று நேற்றுப் பின்னேரம் சொல்லியிருந்தாள். பின்னால் தாய் கீர்த்திகா ஒரு பையோடும், தகப்பன் கோபிசங்கர் ஒன்றுமில்லாத வெறுங்கையோடும் நின்றார்கள். வள்ளத்து எஞ்சின் திருத்துகிற ஆள் அவன். வேலை இல்லாத நேரத்தில் அந்தப் பெரிய கைகளை எங்கே வைப்பதென்று அவனுக்கே தெரியாததுபோல் இருந்தது.

“நான் ஐஞ்சு மணிக்கே எழும்பிட்டன். அப்பாதான் திருப்பிப் படுக்கச் சொன்னவர்” என்றாள் கம்சிகா.

“அப்பிடியோ பிள்ளை” என்றார் நதானியேல். அவர்கள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு பூங்கா வாசல் பக்கம் நடந்தார்கள். அந்த வாசலில் இன்றைக்குப் பார்த்து மனேச்சர் சிவகரன் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர்களைக் கூப்பிட்டு நிற்பாட்டவில்லை. கையைத் தூக்கினார், பிறகு அந்தக் கையாலேயே இடிபட்ட தலையைத் தடவிக்கொண்டார்.

நீலமணி நீர்ப்பூங்கா மருதனார்மடத்துக்கும் அளவெட்டிக்கும் இடையில், ஆறேழு வருடத்துக்கு முன்னர் வெங்காயமும் பீற்றூட்டும் விளைந்த காணியில் இருக்கிறது. சறுக்குக் குழாய்கள், அலை அடிக்கிற குளம், சின்னப் பிள்ளைகளுக்கு முழங்கால் தண்ணீர்க் குளம், பக்கத்திலேயே ஒரு ஹோட்டல். முதலில் பதினெட்டு அறையோடு ஒரு கட்டடம்தான் இருந்தது. அந்த அறைகளில் தங்குகிறவர்களைக் காலை ஏழரைக்கே பூங்காவுக்குள் விட்டுவிடுவார்கள். வெளியாட்களுக்கு ஒன்பது மணி. உண்மையைச் சொன்னால் அறையை விற்றது அந்த ஒன்றரை மணித்தியாலம்தான். அறையில் மெத்தை சரியில்லை என்று குறை சொன்னவர்கள்கூட, காலையில் ஆளில்லாத குளத்தில் இறங்கிவிட்டு வந்தால் குறையை மறந்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் அறை பதிகிற முறை வேறு. இணையத்தளம் இருக்கிறது, படங்கள் இருக்கின்றன, அழுத்தினால் பதிவு வருகிற பொத்தானும் இருக்கிறது. ஒருவரும் அதை அழுத்துவதில்லை. “உள்ளுக்கை ஆரும் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ?” என்பதுதான் முதல் கேள்வி. அரசாங்கக் கச்சேரியில் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எடுக்கிறதென்றாலும் சரி, ஆஸ்பத்திரியில் நம்பர்த் துண்டு எடுக்கிறதென்றாலும் சரி, ஒரு தெரிந்த ஆளைப் பிடித்தால்தான் எங்கள் சனத்துக்கு நெஞ்சு ஆறும். தெரிந்த ஆளைப் பிடித்த பிறகு அவரிடம் எழுத்தில் ஏதாவது கேட்பதோ, பெரிய மரியாதைக்கேடு. உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி.

நீலமணியில் அந்தத் தெரிந்த ஆள் நதானியேல். கீர்த்திகாவுக்கு அவருடைய நம்பரைக் கொடுத்தது றெஜி. பருத்தித்துறையில் எஞ்சின் சாமான் கடை வைத்திருக்கிறவன், நதானியேலோடு பாடகர் குழுவில் ஒன்றாக நின்று பாடுகிறவன். ஜூலை ஆறாம் திகதி போன் வந்தது.

“அண்ணை, நான் வல்வெட்டித்துறையிலையிருந்து கதைக்கிறன். றெஜியண்ணைதான் நம்பர் தந்தவர்.” கொஞ்ச நேரம் அவள் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் கதைத்தாள். கேட்க வந்ததைக் கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று அவருக்கு விளங்கியது. பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். மகளுக்கு நாலு வயதில் ஆடிக்கூழ் சட்டி சரிந்து கழுத்தும் முதுகும் வெந்துபோனது. எட்டு வருடமாய்ப் பிள்ளை ஆட்களுக்கு முன்னால் தண்ணீரில் இறங்கியதில்லை. “கடல் எங்கடை வாசலிலை கிடக்கு அண்ணை. ஒருநாள் கால் நனைச்சதில்லை. இப்ப பிறந்தநாளுக்கு என்ன வேணுமெண்டு கேட்டன். ஒருத்தரும் இல்லாத தண்ணி வேணுமாம். தானா வாய் திறந்து கேட்டவள். ஏழரைக்கு உள்ளை விடுவினமெண்டு ஆரோ சொல்லிச்சினம், அது உண்மையே அண்ணை?”

“உண்மைதான் தங்கச்சி” என்றார் நதானியேல். “சனி, ஞாயிறை விட்டிட்டுக் கிழமை நாளிலை வாங்கோ. குளம் முழுக்க உங்கடை பிள்ளைக்குத்தான்.”

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று யோசித்தார். “பதிஞ்சதுக்கு ஒரு கடிதம் அனுப்பிவிடட்டே?” என்று கேட்டார்.

“ஐயோ, கடிதம் என்னத்துக்கு? உங்கடை வாய்ச்சொல் காணும் அண்ணை.”

அந்த ஒரு வசனம் அவருக்கு அன்றைக்கு முழுக்க இனித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் மனைவிக்கும் சொன்னார். வாய்ச்சொல் காணுமாம்! இங்கே வர முதல் காப்புறுதிக் கந்தோரில் இருபத்தைந்து வருடம் கையெழுத்தும் முத்திரையுமாய்ச் சீவித்த மனிதனுக்கு இது பெரிய சங்கதி. அவர் கடிதம் அனுப்பவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. லண்டனில் இருக்கிற முதலாளி எங்கேயோ ஒரு பெரிய வெளிநாட்டுப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே ஹோட்டலில் தங்குகிற எல்லாரையும் முந்தி உள்ளே விடுகிற வழக்கத்தை மாற்றி, விலை கூடின அறைக்காரருக்கு மட்டும் அந்தச் சலுகையை வைத்திருக்கிறார்களாம். பார்த்ததும் மனுசனுக்கு மூளை வேலை செய்துவிட்டது. நீலமணியிலும் புதுக் கட்டடம் திறந்தாயிற்று, வெளிநாட்டுச் சனம் ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்து இறங்கப்போகிறது. ஆகவே, ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து ஏழரை மணி நுழைவு புதுக் கட்டடத்தாருக்கு மட்டும். அவர்களுக்குப் பொன்னிறக் கைப்பட்டி. பழைய கட்டடத்தாருக்கு நீலக் கைப்பட்டி, வெளியாட்களோடு சேர்த்து ஒன்பது மணி. ஜூலை பதினைந்துக்கு முன்னர் எழுத்தில் உறுதிக் கடிதம் பெற்றவர்களை மட்டும் பழைய முறைப்படி விடலாம்.

நதானியேல் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். திகதியைப் பார்த்தார், ஜூலை பதினெட்டு. கீர்த்திகாவின் அறை பழைய கட்டடத்தில்.

அன்றைக்கே போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். போனை எடுப்பார், வைப்பார். உங்கடை வாய்ச்சொல் காணும் என்று சொன்னவளிடம் போய், அந்த வாய்ச்சொல் கால்காசுக்கும் பெறாது தங்கச்சி என்று எப்படிச் சொல்வது? இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று கிழமைகள் ஓடின. ஐந்து நிமிடம் கணினிக்கு முன்னால் இருந்திருந்தால் ஜூலை ஆறாம் திகதி போட்டு ஒரு கடிதம் அடித்திருக்கலாம். அதுவும் மனதில் ஓடியது. ஆனால் பழைய திகதி போடுவது பொய்யல்லோ! கர்த்தருக்குப் பயந்த மனிதன் அந்தப் பொய்யைச் செய்யவில்லை. வாசலில் நிற்கிற றஜிதா நல்ல பிள்ளை, அன்றைக்குக் காலையில் அவளிடம் ஒரு சொல் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுவாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அதற்கும் மண் விழுந்தது. ஓகஸ்ட் முதல் கிழமையில் கொழும்பிலிருந்து வந்த போதகர் குடும்பமொன்றை நீலப் பட்டியோடு ஏழரைக்கு உள்ளே விடும்படி றஜிதாவிடம் சொல்லிவிட்டார். சிவகரன் கண்டுபிடித்தான். முப்பத்தொரு வயது; கொழும்பில் படித்துவிட்டு வந்தவன்; கெட்டவன் என்று சொல்ல முடியாது, ஆனால் நெஞ்சில் இருப்பதை அந்த இடத்திலேயே கேட்டுவிடுவான். “அங்கிள், உங்கடை தெரிஞ்ச ஆக்களுக்கு ஒரு சட்டம், மற்றாக்களுக்கு ஒரு சட்டமே?” என்று மேசைக்கு முன்னால் வைத்துக் கேட்டான். கூட்டுகிற தும்புத்தடியோடு நின்ற பெண்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு மூன்று நாள் தேநீர் நேரத்தில் நதானியேல் கன்ரீன் பக்கம் போகவேயில்லை.

நேற்றுத் திங்கட்கிழமை பின்னேரம் அவர்கள் வந்து இறங்கினார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தாய் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கும் நேரத்தில் பிள்ளை அவரைத் தனியாகக் கேட்டாள்: “மாமா, ஏழரைக்கு ஒருத்தரும் இருக்கமாட்டினமே?” தலைமயிரைத் தூக்கிக் கட்டியிருந்தாள். கழுத்தின் இடது பக்கத்தில் தோல் சுருங்கிப் பளபளவென்று கிடந்தது. அவர் பார்க்கிறார் என்று தெரிந்தும் அவள் மறைக்கவில்லை. தெரிந்த ஆள் அல்லவா!

“ஒருத்தரும் இருக்கமாட்டினம் பிள்ளை” என்று சொல்லிவிட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்வது என்று இரவு படுக்கையில் மனைவியிடம் கேட்டார். “உண்மையைச் சொல்லியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவள் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இப்போது கண்ணாடிக் கதவுக்கு அங்கால் வாசல் தெரிந்தது. சிவகரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். புதுக் கட்டடத்தில் தங்கிய இரண்டு குடும்பம் பொன்னிறப் பட்டியைக் காட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு ஓடின. நாலு பிள்ளைகள், ஐந்து பெரியவர்கள். அவ்வளவுதான் சனம். கம்சிகா கையை நீட்டினாள். றஜிதா நீலப் பட்டியைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். கீர்த்திகா சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். சிவகரன் திரும்பிப் பார்த்தான், பிறகு கையால் கூப்பிட்டான்.

“அங்கிள், ஒருக்கா வாங்கோ!”

மேசையிலிருந்து வாசலுக்கு நாற்பது அடி இருக்கும். அந்த நாற்பது அடியில் நதானியேல் நாலு விதமாய் யோசித்தார். ஓம் சேர், சுற்றறிக்கை வாறதுக்கு முதலே நான் வாக்குக் குடுத்திட்டன், என்ரை பிழைதான் என்று சொன்னால் முடிந்தது. என்ன நடக்கும்? வேலை போகாது. ஒரு பேச்சு விழும், அவ்வளவுதான். றஜிதாவுக்கு முன்னால், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஆளுக்கு முன்னால், இந்தக் குடும்பத்துக்கு முன்னால் அந்தப் பேச்சை வாங்கவேண்டும். திரும்பவும் தெரிந்த ஆக்களோ என்று கேட்பான். திரும்பவும் தும்புத்தடிகள் நின்று பார்க்கும்.

“இவை சொல்லினம், ஏழரைக்கு விடுறதெண்டு நீங்கள் போனிலை சொன்னனீங்களாம்” என்றான் சிவகரன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். “சொன்னனீங்களே அங்கிள்?”

“இல்லைச் சேர். நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

சொல்லிவிட்டார். அதோடு வாயை மூடியிருந்தாலும் பாதிப் பாவத்தோடு போயிருக்கும். பயந்த வாய் நிற்குமா? “ஒன்பது மணியெண்டுதான் சொன்னனான்” என்று அதற்கு மேலே ஒரு செங்கல்லையும் வைத்தார்.

கோபிசங்கர் ஓரடி முன்னுக்கு வந்தான். “என்ன அண்ணை கதைக்கிறியள்?” என்றான். அவனுடைய கையைக் கீர்த்திகா பிடித்தாள். பிடித்துக்கொண்டு நதானியேலின் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ நல்லது. அவள் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. ஒரு பெரிய மனிதன் கால் வழுக்கிச் சேற்றில் விழுந்ததைக் கண்டவள் பார்க்கிற மாதிரி, கண்டதற்காகத் தான் வெட்கப்பட்டுக்கொண்டு பார்த்தாள்.

“நான்தான் மாறி விளங்கியிட்டன் போலை” என்றாள் சிவகரனிடம். “போனிலை இரைச்சல், சரியாக் கேக்கேல்லை. அண்ணையிலை பிழையில்லை.”

அவளும் பொய்தான் சொன்னாள். அவருக்காகச் சொன்னாள். நதானியேலுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. ஆனால் அதைவிட மோசமானது பக்கத்தில் நின்றது. கம்சிகா தாயைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். போனில் என்ன கதைத்தார்கள் என்று பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம். நேற்றுப் பின்னேரம் என்ன கதைத்தது என்று அவளுக்குத் தெரியும். துவாயை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“பறவாயில்லை அக்கா, காலமைச் சாப்பாட்டை ஆறுதலாச் சாப்பிட்டிட்டு ஒன்பது மணிக்கு வாங்கோ” என்றான் சிவகரன், மரியாதையாகத்தான்.

அவர்கள் சாப்பாட்டறைக்குப் போனார்கள். நதானியேல் கன்ரீனுக்கு ஓடிப்போய் மூன்று கிளாஸ் தோடம்பழச் சாறு அனுப்பினார். போன தட்டு அப்படியே திரும்பி வந்தது. “வேண்டாமாம் ஐயா, கனக்க நன்றியெண்டு சொல்லச் சொன்னவை” என்றான் கொண்டுபோனவன். என்ன மனிதன் நான், செய்த கேட்டைத் தோடம்பழச் சாறால் கழுவப் பார்த்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டார். அதற்குள் புது ஆட்கள் அறை கேட்டு வந்தார்கள், அவர்களோடு பல்லைக் காட்டிச் சிரிக்கவேண்டியிருந்தது.

ஒன்பது மணிக்குக் கிளிநொச்சிப் பக்கத்து ரியூசன் சென்ரர் ஒன்றிலிருந்து மூன்று பஸ் வந்து நின்றது. நூற்றைம்பது பிள்ளைகள் இருக்கும். வாசல் திறந்ததும் சத்தத்தில் ஹோட்டல் யன்னலெல்லாம் அதிர்ந்தது. ஆக்களில்லாத தண்ணீரைக் கேட்ட பிள்ளைக்குக் கிடைத்தது இந்தச் சனக்கூட்டம். நதானியேல் மேசையை விட்டு அசையாமல் கண்ணாடிக் கதவால் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கக் கூடாது என்று நினைத்தார், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கம்சிகா உள்ளே போனாள். அதுவே பெரிய காரியம். கீர்த்திகா கையைப் பிடிக்கப் போனபோது வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுத் தனியாக நடந்தாள். வாசலுக்குக் கிட்டவே இருந்த முழங்கால் தண்ணீர்க் குளத்தின் கரையில் கனநேரம் நின்றாள். பிறகு துவாயோடேயே ஒரு படி இறங்கினாள், இன்னொரு படி இறங்கினாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. குனிந்து கையால் தண்ணீரை அளைந்து பார்த்தாள். அந்த நேரம் நதானியேல் வாய்விட்டே செபித்தார், கர்த்தாவே அந்தப் பிள்ளையை ஒருத்தரும் பாக்காமல் செய்யும் என்று. பெடியன்கள் இரண்டு மூன்று பேர் ஓடி வந்து குதித்ததில் தண்ணீர் எழும்பி அடித்தது. துவாய் தோளிலிருந்து நழுவி நனைந்து போனது. உடுப்பின் கழுத்து ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஒரு சின்னப் பெட்டை கிட்டப் போய் அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்டாள். அக்கா உங்களுக்கு என்ன நடந்தது என்றுதான் கேட்டிருப்பாள். அந்த வயதுப் பிள்ளை அதைத்தான் கேட்கும், அதில் ஒரு கெடுதலும் இல்லை. உடனே இன்னும் நாலைந்து தலைகள் திரும்பின.

கம்சிகா ஓடவில்லை. துவாயைத் தூக்கிப் பிழிந்தாள், படியேறினாள், தலையைக் குனியாமல் வாசலைத் தாண்டி வந்தாள். அவருடைய மேசையைக் கடந்துதான் மாடிப்படிக்குப் போகவேண்டும். தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது. இந்த முறை நதானியேல் மேசைக்குக் கீழே குனியவில்லை. குனிந்திருந்தாலும் அவளுக்கு அது ஒரு பொருட்டாக இருந்திராது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பத்தரை மணிக்கு அவர் சிவகரனின் அறைக் கதவைத் தட்டினார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“தம்பி, நான் பொய் சொல்லிப்போட்டன். அந்தப் பிள்ளையின்ரை தாய்க்கு நான்தான் ஏழரையெண்டு சொன்னனான். ஜூலை ஆறாம் திகதி. கடிதம் குடுக்கேல்லை.” பிள்ளையின் தழும்பையும், எட்டு வருடத்தையும், எல்லாவற்றையும் சொன்னார்.

சிவகரன் கணினியிலிருந்து கையை எடுத்தான். கத்துவான் என்று நதானியேல் காத்திருந்தார்; கத்தினால் வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஆசையாகக்கூட இருந்தது. அவன் கத்தவில்லை.

“என்ன அங்கிள் நீங்கள்! இதை அப்பவே சொல்லியிருந்தா விட்டிருப்பனே. முதலே வாக்குக் குடுத்ததெண்டால் குடுத்ததுதானே. நான் அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டுக் கேட்டனான்.” நெற்றியைத் தேய்த்தான். “பாவம் அந்தப் பிள்ளை. நாளைக்கு நிப்பினமே? இல்லாட்டி எப்ப வந்தாலும் விடுங்கோ. ஏழரைக்கில்லை, ஏழுக்கே விடுங்கோ. றஜிதாவுக்கு நான் சொல்லுறன்.”

அவ்வளவுதான் விசயம். ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு மூன்று மணித்தியாலம் பிந்திவிட்டது. நன்றி தம்பி என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். நடைபாதையில் நின்று கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். பயந்ததற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கக் கூடாதா! ஒரு கொடுமைக்கார மனேச்சர் இருந்திருந்தால், அவன் தலையில் பாதியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளலாம். ஒன்றுமே இல்லாததற்குப் பயந்து ஒரு பிள்ளையை விற்றேனே என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு அவர்கள் பைகளோடு இறங்கி வந்தார்கள். கோபிசங்கர் அறைக் கதவின் திறப்பை மேசையில் வைத்தான். வைத்த விதத்தில் சத்தம் கேட்டது. கம்சிகா பாடசாலைக்குப் போடுகிற மாதிரிக் கழுத்துப் பொத்தான் எல்லாம் பூட்டிய சட்டையொன்று போட்டிருந்தாள். பின்னால் அறைக்கு வந்த வேறு ஆட்கள் மூன்று நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

“தங்கச்சி” என்றார் நதானியேல். வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும் என்று தெரிந்தும் குரலைத் தணிக்கவில்லை. “நான் சொன்னனான். போனிலை நான்தான் சொன்னனான், நேற்றுப் பிள்ளைக்கும் சொன்னனான். காலமை மனேச்சருக்குப் பயந்து இல்லையெண்டு சொல்லிப்போட்டன். இப்ப அவருக்கு எல்லாம் சொல்லிட்டன். என்னை மன்னியுங்கோ.”

“தெரியும் அண்ணை” என்றாள் கீர்த்திகா மெல்ல. “விடுங்கோ. றெஜியண்ணைக்கும் நான் ஒண்டும் சொல்லேல்லை. நல்லாப் பாத்தவரெண்டுதான் சொன்னனான்.”

அதைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாய்ச் சொன்னார்: “நாளைக்கு நிண்டாலும் சரி, பிறகு எப்ப வந்தாலும் சரி, பிள்ளையை ஏழு மணிக்கே உள்ளை விடுவினம். ஒருத்தரும் இருக்கமாட்டினம். மனேச்சரே சொல்லிட்டார்.”

கீர்த்திகா மகளைப் பார்த்தாள். கோபிசங்கர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எழுதித் தாங்கோ” என்றாள் கம்சிகா.

“கம்சி!” தாய் பதறிப்போனாள். முகம் சிவந்துவிட்டது. காலையில் வாசலில் நின்றபோதுகூட அவள் இப்படி வெட்கப்படவில்லை. “பெரியாக்களிட்டை உப்பிடிக் கேக்கிறதே? அண்ணை, குறை நினையாதேங்கோ, அவள் சின்னப்பிள்ளை.”

“இல்லையம்மா, எழுதித் தரட்டும்.”

“பிள்ளை கேக்கிறது சரி” என்றார் நதானியேல். தலைப்புப் போட்ட தாளொன்றை எடுத்தார். திகதி போட்டார். கோபிசங்கர் கம்சிகா என்ற பிள்ளையையும் பெற்றோரையும் எந்த நாளிலும் காலை ஏழு மணிக்குப் பூங்காவுக்குள் அனுமதிப்பதாக இத்தால் உறுதியளிக்கிறேன் என்று, கந்தோரில் எழுதிப் பழகிய முத்தான எழுத்தில் எழுதினார். பெயரை எழுதிக் கையெழுத்து வைக்கப் போனார்.

“நில்லுங்கோ மாமா. முதலும் சொன்னனீங்கள் எண்டும் எழுதுங்கோ.”

கை நின்றுவிட்டது. வரிசையில் நின்ற ஒருவர் இருமினார். கீர்த்திகா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நதானியேல் பேனையைத் திரும்ப ஊன்றினார். ‘இதை நான் முன்னரும் சொல்லியிருந்தேன். பின்னர் சொல்லவில்லை என்று மறுத்தேன்’ என்று எழுதினார். அந்த இரண்டு வரியில் எழுத்துக் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கையெழுத்தை வைத்து, முத்திரையைக் குத்தி, தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

கம்சிகா அதைக் கையில் எடுக்கவில்லை. மேசையிலேயே வைத்துக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாய் வாசிக்கத் தொடங்கினாள். நதானியேல் மேசைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற சனமும் நின்றது. விரல் மெல்ல மெல்ல அந்தச் சாய்ந்த வரிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.